ஏழுமலை ஏன் பொரி போடுகிறார்

மழைக் காலத்துக்கு முன் வெள்ளம் இறைக்கும் மோட்டார்களை ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தீர்கள். ஓய்வு பெற்றவளை ஞாபகம் வைத்து அழைத்து, நாற்காலி போட்டு, டீயும் சமோசாவும் கொடுத்ததற்கு நன்றி. சமோசா ஆறிப்போயிருந்தது. அதை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். வேறொரு விஷயத்தைத்தான் இன்னும் மன்னிக்கவில்லை.

ஏழுமலை தன் மோட்டாரை ஸ்டார்ட் செய்வதற்கு முன், சட்டைப் பையிலிருந்து ஒரு பிடி பொரியை எடுத்துக் கால்வாயில் போட்டார். கொஞ்ச நேரம் குனிந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். உங்களில் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டீர்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி என் காதருகே வந்து, "மேடம், மோட்டாருக்குக்கூட பூஜையா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் கத்திக் கதை சொல்ல எனக்குத் தெம்பில்லை. அதனால் எழுதுகிறேன். சிரித்த இரண்டு பேரும் முதலில் படியுங்கள்.

தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். நானும் அதைத்தான் படித்தேன். எர்ணாவூர், திருவொற்றியூர் பக்கம் வேலைக்கு வந்த பிறகுதான் எது மேடு, எது பள்ளம் என்பதே காலையில் ஒன்றாகவும் மாலையில் ஒன்றாகவும் இருக்கும் என்று புரிந்தது. நம் கால்வாய் கடலுக்குப் பக்கத்திலேயே ஓடி, எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போகும் உப்பங்கழியில் சேர்கிறது. மேற்கிலிருந்து கொசஸ்தலை ஆறும் அங்கேதான் வருகிறது. கடல் ஏறும்போது ஆற்றுத் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் நிற்கும். ஆறு நின்றால் கால்வாய் உயரும். கால்வாய் உயர்ந்தால் அதன் ஓரத்துத் தெருக்கள் எல்லாம் பள்ளம். கடல் வாங்கினால் அதே தெருக்கள் மேடாகிவிடும். ஒரே நாளில் இது இரண்டு தடவை நடக்கும். மழை இல்லாத மாதங்களில் இதை யாரும் கவனிப்பதில்லை. மழைக் காலத்தில் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இந்தக் கதை.

சில வருடங்களுக்கு முன்னால், ஆயுத பூஜை முடிந்து கொஞ்ச நாளில் மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்திருந்தால் பரவாயில்லை, விடாமல் பெய்தது. எர்ணாவூரில் கால்வாய்க் கரையை ஒட்டி ஒரு தெரு. அது என் பொறுப்பில் இருந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர். தெருக்கோடியில் நம் டீசல் மோட்டார் நின்றது. தெருத் தண்ணீரை உறிஞ்சிக் கரைக்கு அந்தப் பக்கம், கால்வாயில் கொட்டிக்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஏழுமலை. அவர் வீடும் அதே தெருவில்தான்.

அந்த வீட்டில் அவர் மனைவி கஸ்தூரி கட்டிலில் படுத்திருந்தாள். வண்ணாரப்பேட்டையில் ஒரு துணிக் கிடங்கில் வேலை பார்த்தவள். படிக்கட்டில் வழுக்கி விழுந்து கால் முறிந்து, உள்ளே கம்பி வைத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஏழுமலை கட்டிலின் நான்கு கால்களுக்கும் செங்கல் அடுக்கி உயர்த்திவிட்டு மோட்டாருக்கு வந்துவிட்டார். அவள் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு, போகிறவர் வருகிறவரை எல்லாம் அதட்டிக்கொண்டு கிடந்தாள். கால்தான் முறிந்திருந்தது, குரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது காலை. மழை விடியலிலேயே நின்றுவிட்டது. ஏழுமலையின் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"தூங்கினீங்களா?" என்று கேட்டேன்.

"இத்த வுட்டுட்டு எங்க மேடம் தூங்கறது? மோட்டாரு சொணங்காம ஓடிக்கினு கீது பாருங்க" என்றார். குழந்தை மார்க் வாங்கி வந்ததைச் சொல்லும் தகப்பன் மாதிரி ஒரு பெருமை அவர் முகத்தில்.

அலுவலகத்திலிருந்து போன். "மோட்டார் ஓடுதாம்மா? ஓடுற வீடியோ எடுத்து குரூப்ல போடுங்க." எடுத்துப் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து விழுந்தன. எல்லோருக்கும் திருப்தி.

தெருமுனையில் பஷீர் பாயின் லேத் பட்டறை இருந்தது. அதன் சுவரில் பெயின்ட்டால் பெரிய எழுத்தில் பட்டறைப் பெயர் எழுதியிருக்கும். நான் வந்தபோது கடைசி வரி பாதி முங்கியிருந்தது. தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, வீடு வீடாகப் பேசிவிட்டு வந்து பார்த்தேன். அப்போதும் அதே பாதி. மழை இல்லை. மோட்டாரோ நிற்காமல் ஓடுகிறது. தண்ணீர் ஒரு விரல்கடைகூட இறங்கவில்லை.

"ஏழுமலை, இறங்கவே இல்லையே" என்றேன்.

"ஓடலன்னா இன்னும் ஏறியிருக்கும் மேடம்" என்றார்.

இந்தப் பதிலை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பணிக் காலம் முழுவதும் இதை யாராவது உங்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இதற்கு எதிர்வாதமே கிடையாது, அதுதான் இதில் பேஜாரு.

அப்போதுதான் அடுத்த செய்தி வந்தது. மேற்கே ஏரியிலிருந்து ஆற்றில் இன்னும் அதிகமாகத் தண்ணீர் திறந்திருக்கிறார்கள். அது சாயங்காலத்துக்கு மேல் இங்கே வந்து சேரும். ராத்திரி கடலும் ஏறும். இரண்டும் சேர்ந்தால் கால்வாய் கரையைத் தாண்டும். அதற்குள் தெருவைக் காலி செய்து ஜனங்களை ஹைரோடு பள்ளிக்கூட மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். மைக் பிடித்துச் சொல்லிக்கொண்டே போனேன். ஒரு வீட்டிலிருந்தும் ஒருவரும் அசையவில்லை. எல்லா முகமும் கஸ்தூரி வீட்டு ஜன்னலைப் பார்த்தது.

கஸ்தூரி சொன்னாள். "எங்க வூட்டுக்காரு மோட்டாரு ஓடிக்கினு கீது மேடம். அந்தச் சத்தம் கேக்கற வரிக்கும் எனக்கு இன்னா பயம்? நீங்க வேற தெருவாண்ட போய்ச் சொல்லுங்க."

"காலு ஒடஞ்ச கஸ்தூரியே குந்திக்கினு கீறா, நாம எதுக்கு ஓடணும்?" என்று எதிர்வீட்டுக்காரர் ஒருவர் சொன்னார். தெருவே தலையாட்டியது.

ஏழுமலையிடம் போனேன். உங்கள் வீட்டம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அவள் கிளம்பினால் தெரு கிளம்பும் என்றேன்.

"அவ உள்ள கீறா மேடம். அவ கீற வரிக்கும் நான் இந்த எடத்த வுட்டு நவுர முடியாது. நான் நவுந்தா டீசல் ஊத்த ஆளில்லாம மோட்டாரு ஆஃப் ஆயிடும், ஆஃப் ஆனா தண்ணி அவ கட்டிலுக்கு ஏறிடும்."

எனக்குத் தலை சுற்றியது. மோட்டார் ஓடுவதால் அவள் கிளம்பவில்லை. அவள் கிளம்பாததால் அவர் மோட்டாரை விடவில்லை. இருவரில் ஒருவருக்காவது மற்றவர் மேல் அன்பு கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கோபமும் வந்தது, அந்தக் கோபத்திலும் அவர்களைப் பிடித்திருந்தது. ஆனால் பொழுது போய்க்கொண்டிருந்தது.

பஷீர் பாய் பட்டறையின் பரண் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார். "மேடம், மேல வாங்க, ஒரு டீ குடிங்க. நின்னுக்கினே கீறீங்களே" என்றார். ஏணியில் பாதி ஏறி உட்கார்ந்தேன். டீயோடு ஒரு தட்டில் பொரி கடலை கொடுத்தார். பட்டறைப் பையன்களுக்காக அவர் ஒவ்வொரு வருடமும் ஆயுத பூஜைக்கு மூட்டையாகப் பொரி வாங்குவார். மெஷினுக்குப் பொட்டு வைப்பது பையன்கள், செலவு பாய் என்று ஏற்பாடு. மீதியை எலிக்குப் பயந்து பாலித்தீன் பையில் கட்டி உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார்.

நான் அள்ளியதில் பாதி கீழே தண்ணீரில் சிந்தியது. சும்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொரி மோட்டார் பக்கம் போனது. அது சரி, மோட்டார் உறிஞ்சுகிறது. ஆனால் போன வேகம் சரியில்லை. பட்டறைக்கு அடுத்துத்தான் தெருவின் மழைநீர் வாய்க்கால், கால்வாய்க் கரைக்குப் போகிறது. வாய்க்கால் பக்கம் மிதந்த பொரிதான் எல்லாவற்றிலும் வேகமாக ஓடியது. அதுவும் கால்வாயிலிருந்து தெருவைப் பார்த்து.

"பாய், வாய்க்கால் மதகு மூடித்தானே இருக்கு?"

"மூடிட்டாங்களே. சக்கரத்த நம்ம ஏழுமலைதான் சுத்தினாரு. இதுக்கு மேல சுத்த வரலன்னு சொன்னாரு."

சக்கரம் சுற்றியாயிற்று, ஆகவே கதவு மூடியாயிற்று. நம் துறையில் எல்லோரும் அப்படித்தான் நினைப்போம். நானும் காலையில் சக்கரத்தைத்தான் பார்த்தேன். கதவைப் பார்க்க முடியாது, கால்வாய்ப் பக்கம் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடந்தது.

"அந்த மூட்டைய எறக்குங்க பாய்" என்றேன்.

"முழுசாவா?"

"முழுசா."

பாவம், பாய் உத்தரத்திலிருந்து கட்டை அவிழ்த்தார். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னோடு கரை ஏறினார். மோட்டார் குழாய் கால்வாயில் தண்ணீரைக் கொட்டும் இடத்தில் வாயைப் பிரித்துக் கவிழ்த்தார். தண்ணீர் மேல் வெள்ளையாகப் பரவியது. கரையில் நின்ற சிலர் போனை எடுத்து வீடியோ பிடித்தார்கள். பொரி கரையோரமாகவே மெல்ல நகர்ந்து, மதகுப் பக்கம் ஆகாயத்தாமரைக்குள் போய் மறைந்தது. எதற்கு என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. சொல்லி, அது தப்பாகப் போனால் அதற்கப்புறம் அந்தத் தெருவில் என் பேச்சை நாய்கூட மதிக்காது.

இறங்கி வந்து தெருவில் நின்றேன். ஒன்றும் நடக்கவில்லை. எதிர்வீட்டுக்காரர், "இன்னா மேடம், கங்கைக்குப் படையலா?" என்றார். தெரு சிரித்தது. நானும் சிரித்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

முதலில் பார்த்தது கஸ்தூரிதான். படுத்த இடத்திலிருந்து வேறெதைப் பார்ப்பாள்? "யோவ், இங்க பாரு. வூட்டாண்ட பொரி வருது."

வந்தது. நான்கைந்தாக, பிறகு பிடி பிடியாக, வாய்க்கால் வழியாகத் தெருவுக்குள் நுழைந்து, கஸ்தூரி வீட்டு வாசற்படியை உரசிக்கொண்டு மோட்டாரைப் பார்த்து மிதந்தது. சிரிப்பெல்லாம் நின்றுவிட்டது. இப்போது மோட்டார் சத்தம் மட்டும் கேட்டது. நான் ஒரு வார்த்தையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழுமலை மோட்டாரை விட்டு இறங்கி, தண்ணீரில் நடந்து வந்தார். மிதந்து வந்த பொரியைக் கையில் அள்ளிப் பார்த்தார். கரையைப் பார்த்தார், வாய்க்காலைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அந்த மனிதர் நேற்றிலிருந்து கண் மூடாமல் வெளியே இறைத்த தண்ணீர் முழுவதும் திரும்பி வந்து அவர் காலடியில் நின்றுகொண்டிருந்தது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

என் போன் அடித்தது. "மோட்டார் ஓடுதாம்மா?"

"நிறுத்தப் போறேன் சார்" என்று சொல்லி, அந்தப் பக்கம் குரல் உயர்வதற்குள் துண்டித்தேன்.

கூட்டத்தில் ஒருவர் இன்னும் பிடிவாதமாக நின்றார். "மேடம், சுத்தி வந்தாலும் பரவால்ல, மோட்டார நிறுத்தாதீங்க. நிறுத்தினீங்க, ஜனங்க சும்மா வுட மாட்டாங்க."

நானே போய் நிறுத்தியிருக்கலாம். எனக்கு அதிகாரம் இருந்தது. நான் நிறுத்தியிருந்தால் ஜனங்கள் என்னோடு சண்டை போட்டுக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள், சாயங்காலம் வரை. "ஏழுமலை, நிறுத்த வேண்டியது நீங்க" என்றேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போய் மோட்டாரை ஆஃப் செய்தார்.

அந்த அமைதியை நான் மறக்கவே மாட்டேன். எங்கேயோ ஒரு கோழி கத்தியது. தண்ணீர் சுவரில் தட்டும் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

"இன்னாய்யா, நின்னுபோச்சா?" என்று கேட்டாள் கஸ்தூரி. அந்தக் குரலில் அன்றைக்கு முதல் முறையாகப் பயம் இருந்தது.

ஏழுமலை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிக்கல. நான்தான் நிறுத்தினேன். இத்தினி நேரம் சும்மா சுத்திக்கினு கெடந்திருக்கேன் கஸ்தூரி. கெளம்பு, போலாம்."

அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தாள்.

"சரி, தூக்கு" என்றாள்.

அவ்வளவுதான். நான்கு பேர் கட்டிலோடு தோளில் தூக்கினார்கள். எதிர்வீட்டுக்காரர் முன்னால் ஒரு காலைப் பிடித்தார். "டேய், ஆட்டாத, நான் இன்னா உற்சவ சாமியா?" என்று அவள் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே போனாள். பின்னாலேயே தெரு முழுவதும் கிளம்பியது. மூட்டை, முடிச்சு, கேஸ் அடுப்பு, ஒரு ஆடு. மைக் பிடித்து நான் தொண்டை கிழியக் கத்தியபோது அசையாத ஜனங்கள், ஒரு வார்த்தையும் கேட்காமல் நடந்தார்கள்.

பிறகு நடந்த வேலையை அதிகம் சொல்லப்போவதில்லை, அதெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகவே செய்வீர்கள். ஏழுமலை ஆகாயத்தாமரைக்குள் இறங்கிக் கையால் துழாவினார். நீர்மட்டத்தை ஒட்டி மதகுக் கதவின் ஒரு மூலை துருப்பிடித்து உதிர்ந்து, ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஓட்டையாக இருந்தது. மத்தியானம் கடல் வாங்கும் வரை சும்மா காத்திருந்தோம். காத்திருப்பது மிகக் கஷ்டமான வேலை, அதைப் போனில் யாருக்கும் விளக்கவும் முடியாது. கால்வாய் இறங்கியதும் கதவை முழுசாகத் தூக்கிவிட்டோம். தெருவில் நின்ற தண்ணீர், ஒரு சொட்டு டீசல் இல்லாமல், தானாகவே போக ஆரம்பித்தது. பஷீர் பாயின் சுவரில் கடைசி வரி முழுசாக வெளியே வந்தது. கடல் திரும்புவதற்குள் கதவை இறக்கி, பாய் கொடுத்த இரும்புத் தகட்டை ஓட்டையில் வைத்து மணல் மூட்டை அடுக்கினோம்.

ராத்திரி ஏரித் தண்ணீரும் வந்தது, கடலும் ஏறியது. எங்கள் மதகு தாங்கியது. ஆனால் கால்வாய் கரையின் மேலாகவே வழிந்தது. மோட்டாரும் மதகும் அதற்கு முன்னால் என்ன செய்யும்?

மறுநாள் தண்ணீர் வடிந்த பிறகு நானும் ஏழுமலையும் அவர் வீட்டுக்குள் போனோம். கட்டில் இருந்த இடத்தில் செங்கற்கள் அப்படியே அடுக்கியபடி நின்றன. சுவரில் சேற்றுக் கோடு தெரிந்தது. ஜன்னல் கட்டைக்கும் மேலே, அவள் தலை வைத்துப் படுத்திருந்த உயரத்துக்கும் மேலே இருந்தது. ஏழுமலை அந்தக் கோட்டைக் கையால் தொட்டுப் பார்த்தார். நான் வெளியே வந்துவிட்டேன்.

உங்களுக்கு நான் சொல்ல வருவது இதுதான். மேலே இருப்பவர்கள் மோட்டார் ஓடுகிறதா என்றுதான் கேட்பார்கள். நீங்கள், தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். போன இடத்தில் அது தங்குகிறதா என்றும் கேளுங்கள். நாம் ஒரு மோட்டாரை ஓடவிட்டால் அந்தச் சத்தத்தை நம்பி ஜனங்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். பிரயோசனமில்லாத மோட்டாரை நிறுத்துவதற்குத்தான் தைரியம் வேண்டும், ஓட்டுவதற்கு டீசல் போதும்.

அன்றைக்கு உங்கள் சோதனை எல்லாம் முடிந்து, நீங்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ஏழுமலை என்னிடம் வந்தார். பையில் மீதியிருந்த பொரியை என் கையில் கொட்டினார். மழைக் காலம் முழுவதும் எந்தத் தெருவுக்குப் போனாலும் அவர் பையில் பொரி இருக்குமாம். பஷீர் பாய் இப்போது அவருக்கென்றே தனியாக ஒரு பை கட்டித் தருகிறாராம். கஸ்தூரி நன்றாக நடக்கிறாள், முன்னைவிட அதிகமாகத் திட்டுகிறாள் என்றார். இருவருமாகப் பொரியைத் தின்றோம். சமோசாவைவிட நன்றாக இருந்தது.

"பொரி போடறது எனக்குப் புரியுது" என்றேன். "கும்பிடறது எதுக்கு? இது புதுசா இருக்கே."

அவர் கொஞ்சம் வெட்கப்பட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பொரி தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாக்கறதுக்கு மேடம். கும்புடறது தண்ணிக்கும் இல்ல, மோட்டாருக்கும் இல்ல. அன்னிக்கு நான் போய் நிறுத்திட்டேன்னு சொன்னேனே, அவ ஏன்னு ஒரு வார்த்தை கேக்கலியே மேடம். சரி, தூக்குன்னா. ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி அத்த ஒரு தபா நெனச்சிக்குவேன்."